வாசலில் மாறும் மொழி

1

ஜாதியைப் பற்றித் தமிழ் விமர்சனம் பேசியிருக்கிறது. போதுமான அளவுக்கு இல்லையென்றாலும் பேசியிருக்கிறது. வர்க்கத்தைப் பற்றித் தேவைக்கு மேலேயே பேசியிருக்கிறது. மதத்தைப் பற்றி ஜாக்கிரதையாகப் பேசியிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டு, வீட்டில் வேறொரு மொழி பேசி, வெளியே தமிழில் பிழைத்து, தமிழிலேயே எழுதவும் செய்கிறவனைப் பற்றி அது ஏறக்குறைய ஒன்றும் சொன்னதில்லை. இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. அப்படி ஒருவன் இருப்பது அதன் கண்ணில் படவில்லை. கண்ணில் படாமல் இருப்பதே அவன் இங்கே வாழக் கற்றுக்கொண்ட முறையும்கூட.

ஆரணியில் வளர்ந்தவன் நான். என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் சௌராஷ்டிரன். அவன் வீட்டுக் கூடத்தில் குழித்தறி. அப்பா தறியில் இருப்பார். அம்மா தார் சுற்றிக்கொண்டிருப்பாள். வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கும்; எனக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது. நிலைப்படியைத் தாண்டியதும் அதே பேச்சு தமிழுக்கு மாறிவிடும். வாக்கியத்தின் நடுவில்கூட மாறும். என்னிடம் பேசுவதற்காக மட்டும் இந்த மாற்றம் என்று எண்ண வேண்டாம். பாவு அறுந்தது, ஜரிகை தீர்ந்தது, யாருக்கோ காய்ச்சல் என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதையும் நான் இருக்கும்வரை தமிழில்தான் சொல்லிக்கொள்வார்கள். நான் விடைபெற்றுத் தெருவில் நாலடி வைப்பதற்குள் பழைய பேச்சு பின்னால் தொடங்கியிருக்கும்.

அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மரியாதைதான். ஆனால் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாங்கள் எதையும் மாற்றிக்கொண்டதில்லை. மாற்றிக்கொள்ள எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. மரியாதை ஒரு பக்கத்திலிருந்தே புறப்பட்டு ஒரு பக்கத்துக்கே வந்து சேர்ந்தது. பெரும்பான்மை என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லமாட்டேன். உள்ளே நுழையும்போது எவனுக்காக மற்றவர்கள் மொழியை மாற்றிக்கொள்கிறார்களோ அவன் பெரும்பான்மை. அப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பதே தெரியாமல் அவன் உட்கார்ந்து காப்பி குடிப்பான். நான் குடித்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்த வீட்டைப் பற்றியது என்பதைவிட, அதைப் போன்ற வீட்டிலிருந்து வந்த ஒரு தமிழ் நாவலைப் பற்றியது. அந்த நாவலை நாம் எப்படி வாசித்தோம் என்பதைப் பற்றியது.

2

முதலில் ஊர்.

கமண்டல நாக நதிக்கரையில் இருக்கும் ஆரணி பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போனது. இந்த ஊர்ப் பட்டின் கதையிலேயே நம் பொருள் இருக்கிறது. ஆரணியிலும் சுற்றுவட்டாரத்தில் சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் நெய்யப்படும் புடவைகளில் கணிசமானவை காஞ்சிபுரத்துக்குப் போய்க் காஞ்சிபுரம் என்ற பெயரிலேயே விலைபோவது ஊரறிந்த விஷயம். ஆரணிப் பட்டுக்கெனத் தனியாகப் புவிசார் குறியீடு வாங்கியான பிறகும் கடைக்காரன் வாயில் வரும் பெயர் பெரிய ஊரின் பெயர்தான். நெய்தவன் ஓர் இடத்தில், பெயர் வேறோர் இடத்தில். இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. வியாபாரம் நடக்கிறது.

இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் மூன்று விதமான சிறுபான்மையினரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, தமிழ்ச் சமணர். பூண்டி பொன்னெழில்நாதர் கோயில் ஆரணிக்கு அருகில்தான் இருக்கிறது. சற்றுத் தள்ளித் திருமலையில் பாறையில் செதுக்கிய நேமிநாதர் நிற்கிறார். இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல. இந்த மண்ணிலேயே இருந்து, தமிழைத் தவிர வேறு வீட்டுமொழி இல்லாமல், நயினார் என்ற பட்டத்தோடு நிலம் உழுதவர்கள். நன்னூல் எழுதிய பவணந்தி இவர்கள் மரபு. சீவக சிந்தாமணி இவர்கள் மரபு. சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ.வே. சாமிநாதையர் அதன் பொருளைத் தெரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போக வேண்டியிருந்தது. பதிப்பு 1887ல் வந்தது. ஆனாலும் இன்று தமிழ் படித்த ஒருவரிடம் சமணர் என்று சொன்னால் அவர் மனசில் எழும் உருவம் அடகுக்கடை சேட். தமிழில் ஐம்பெருங்காப்பியம் என்று பெருமையாக எண்ணிக்கை சொல்லுகிறவருக்கு, அந்த மரபைச் சேர்ந்த ஒரு குடும்பம் வந்தவாசிச் சாலையில் நெல் காயவைத்துக்கொண்டிருக்கிறது என்பது செய்தி. நூலை எடுத்துக்கொண்டோம்; ஆளை விட்டுவிட்டோம்.

இரண்டு, சௌராஷ்டிரர். இவர்கள் நிலை சமணருக்கு நேர் எதிரானது. மதத்தில் பெரும்பான்மையோடு ஒன்று. அதே பெருமாள், அதே மார்கழி. மொழியில் வேறு. குஜராத்தின் கரையிலிருந்து புறப்பட்டு, தக்காணத்தில் தங்கி, விஜயநகரக் காலத்தில் தெலுங்கு நாட்டில் வாழ்ந்து, நாயக்கர் ஆட்சியில் மதுரை வரைக்கும் வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அவர்கள் பேசும் மொழி இந்தோ ஆரிய மொழி. வந்த வழியெல்லாம் தெலுங்கையும் மராத்தியையும் தமிழையும் அது சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 2.5 லட்சம்.

மூன்று, மராட்டியர். ஆரணி ஜாகீர் ஒரு தேசஸ்தப் பிராமணக் குடும்பத்தின் கையில் இருந்தது. சத்தியவிஜயநகரத்தில் அவர்கள் அரண்மனை இன்னும் இடிந்தபடி நிற்கிறது. எண்ணிக்கையில் இவர்கள் மற்ற இருவரைவிடவும் மிகச் சிலர். ஆனால் இவர்கள் வீட்டுக்குள் யாராவது நுழைந்தபோது மொழியை மாற்றிக்கொண்டவர் நுழைந்தவராகத்தான் இருந்திருப்பார். ஆகவே எண்ணிக்கையைக் கொண்டு சிறுபான்மையை அளப்பது பிசகு. நிலமும் வரியும் கையில் இருந்தால் கைப்பிடி அளவு பேரும் பெரும்பான்மைதான். அது கைவிட்டுப் போனதும் என்ன ஆகிறது என்பதைத் தஞ்சாவூர் மராட்டியரைப் பற்றி எழுதிய ஒருவர் சொல்லியிருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

3

சௌராஷ்டிரர் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் சௌராஷ்டிரர். தமிழன் அவர்களுக்கு இட்ட பெயர் பட்டுநூல்காரர். ஒன்று வந்த இடத்தைச் சொல்கிறது. மற்றது செய்யும் வேலையைச் சொல்கிறது. நமக்கு அவர்கள் வந்த இடத்தால் ஆவதொன்றும் இல்லை, நூலால் ஆவது உண்டு. இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில்தான் அவர்களுடைய முந்நூறு வருஷத்துத் தமிழ்நாட்டு வரலாறு நடந்திருக்கிறது.

1705ஐ ஒட்டி, மதுரையில் ராணி மங்கம்மாள் ஆட்சியில் ஒரு வழக்கு வந்தது. பட்டுநூல்காரர் பதினெட்டுப் பேர் உபாகர்மம் செய்து பூணூல் மாற்றிக்கொண்டதற்காகப் பிடிக்கப்பட்டார்கள். ராணி பண்டிதர்களைக் கூட்டி விசாரித்து, அவர்கள் அந்தச் சடங்கைச் செய்யலாம் என்று சாசனம் கொடுத்தாள். தர்ஸ்டன் தன் ஜாதித் தொகுதிகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு அய்யர், அய்யங்கார் என்ற பட்டங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு சான்றிதழ் வந்தது. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சௌராஷ்டிரா என்று போட்டு அடைப்புக்குறிக்குள் பட்டுநூல்காரர் என்று போட்டிருக்கிறது. முதல் சான்றிதழ் அவர்களை மேலே ஏற்றியது. இரண்டாவது, படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வழிசெய்ய, கீழே இருப்பதாக அங்கீகரித்தது. இரண்டுமே பயனுள்ளவை, இரண்டையும் அவர்கள் கேட்டுத்தான் பெற்றார்கள். இதில் கேலிக்கு இடமில்லை. நான் கவனிப்பது வேறு. இரண்டு சான்றிதழும் ஒரே கேள்விக்கு விடை: நீ எந்தப் படியில் நிற்கிறாய்?

வேறு மொழி, வேறு வரலாறு, வேறு நினைவு உள்ள ஒரு கூட்டம் வந்தால் அதைப் பக்கத்தில் நிற்கவைக்க நம் சமூகத்தில் இடம் கிடையாது. மேலே அல்லது கீழேதான் இடம். ஓர் இனத்தை இங்கே யாரும் விரட்டுவதில்லை. அதை ஜாதியாக மாற்றிச் செரித்துக்கொள்வோம். இதை நாம் சகிப்புத்தன்மை என்று சொல்லிக்கொள்கிறோம். மற்ற நாடுகளில் நடந்ததை நினைத்தால் ஓரளவுக்கு அப்படிச் சொல்லவும் தகும். ஆனால் செரிமானம் நடந்த பிறகு மிஞ்சும் ஒரு பகுதி உண்டு. ஜாதிச் சான்றிதழில் அடங்காத பகுதி அது. மொழி அதில் ஒன்று. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் சௌராஷ்டிரம் இல்லை. சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி தர ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்று 1956ல் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு சொல்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவு கேள்விப்பட்ட விஷயமாகக்கூட இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டி.எம். ராமராய் அந்த மொழிக்கு எழுத்துகளைச் செப்பனிட்டு அச்சேற்றப் பாடுபட்டார். 2008ல் அந்த எழுத்துகள் யூனிகோடில் சேர்ந்தன. கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிற எழுத்தை என் நண்பனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது.

இதற்கு மாறாக, நமக்குப் பயன்பட்டதையெல்லாம் நாம் தாராளமாகவே ஏற்றுக்கொண்டோம். ஆரணிக்குச் சற்று வடக்கே வாலாஜாபேட்டையில் வாழ்ந்த வெங்கடரமண பாகவதர் சௌராஷ்டிரர், தியாகராஜரின் சீடர். அவரும் அவர் வழியினரும் எழுதிவைத்த சுவடிகள் இல்லாவிட்டால் தியாகராஜர் கிருதிகளில் பலவற்றின் பாடம் நமக்கு இந்த அளவுக்குக் கிடைத்திருக்காது. அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையைச் சேர்ந்தவை. கச்சேரியில் கிருதியைக் கேட்கிறவனுக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணமாகத் தமிழன் இரண்டு தலைமுறையாக யார் குரலைக் காட்டினானோ அந்த டி.எம். சௌந்தரராஜன் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். அவர் பெயரின் முன்னால் உள்ள டி, தொகுளுவ என்ற வீட்டுப்பெயர். ஓர் எழுத்தாகச் சுருங்கினால்தான் அது நம் வாயில் நுழையும். குரல் முழுசாக வேண்டும். பெயர் ஓர் எழுத்துப் போதும்.

4

இனி நாவல்.

எம்.வி. வெங்கட்ராம் 1920ல் பிறந்தவர். கும்பகோணத்துக்காரர். 1936ல், பதினாறு வயசில், மணிக்கொடியில் கதை வெளியானது. ஜரிகை வியாபாரம் செய்தார். அதில் வந்த பணத்தைத் தேனீ என்ற பத்திரிகையில் விட்டார். பிறகு எழுதிப் பிழைத்தார். காதுகள் நாவலுக்காக 1993ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார், தமிழ் எழுத்தாளராக. 2000ல் காலமானார். அவர் சௌராஷ்டிரர் என்பது இலக்கிய வட்டாரத்தில் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. ஆனால் அது ஒரு சுவாரஸ்யமான தகவலாகவே இருந்தது. அவர் எழுத்தை அணுகும் ஒரு வழியாக அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நித்யகன்னியில் அவர் மகாபாரதத்துக்குப் போனார். மாதவியின் கதை அது. புராணத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது: அங்கே பாத்திரங்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. யயாதியும் காலவனும் தமிழில் பேசினால் அது மொழிபெயர்ப்பாக யாருக்கும் தோன்றாது. எழுத்தாளனும் வாசகனும் அங்கே சமமாக அந்நியர்கள்; ஆகவே சமமாக உரிமையாளர்கள். வெங்கட்ராமின் தமிழ் அங்கே தங்குதடையின்றிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளில் வந்த வேள்வித் தீ அவர் தன் தெருவுக்குத் திரும்பிய நாவல். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களின் உலகம். கண்ணன், மனைவி கௌசலை, இடையில் வரும் ஹேமா என்ற விதவை. தறியிலிருந்து மேலே வருகிற ஒருவன், அவன் மேலே வரும்போதே அவன் வீட்டுக்குள் மூளும் நெருப்பு. இந்த நாவலை நாம் இரண்டு விதமாகத்தான் வாசித்திருக்கிறோம். ஒன்று, மூவர் உறவின் கதை. மற்றது, நெசவுத் தொழிலைச் சொல்லும் கதை. அதாவது, முதல் வாசிப்பில் அவர்கள் எல்லோரையும்போன்ற மனிதர்கள், இரண்டாவதில் பட்டுநூல்காரர். நடுவில் சௌராஷ்டிரர் என்று ஒருவர் இருக்கிறார். அவரை இரண்டு வாசிப்பும் தாண்டிப் போய்விடுகின்றன. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சமூகம் செய்ததையே விமர்சனமும் செய்கிறது.

என் கேள்வி எளிமையானது. கண்ணனும் கௌசலையும் நாவலில் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் அந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கமாட்டார்கள். ஊடல், பசி, சந்தேகம், நள்ளிரவில் அடிக்குரலில் நடக்கும் சண்டை, எல்லாமே வேறொரு மொழியில் நடந்தவை. எழுத்தாளன் அவற்றைத் தமிழாக்கித் தருகிறான். தமிழாக்குகிறேன் என்று ஓரிடத்திலும் சொல்லாமல் தருகிறான். அவர்கள் பேசுவது கும்பகோணத்தில் யாரும் பேசக்கூடிய தமிழ்.

இதைக் குறை என்று சொல்வது சுலபம். நானும் பல காலம் குறை என்றே நினைத்திருந்தேன். சௌராஷ்டிரச் சொற்களை அள்ளித் தெளித்திருக்கலாமே, வாக்கியத்தையாவது சற்றுக் கோணலாக்கியிருக்கலாமே என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. சொற்களைத் தெளிப்பது வாசலில் மாக்கோலம் போடுவதைப் போன்றது. வந்தவன் ரசித்துவிட்டுப் போவான். வெங்கட்ராம் செய்தது வேறு. அந்த நாவல் என் நண்பனின் வீடு. வாசகன் நிலைப்படியைத் தாண்டியதும் அங்கே மொழி மாறிவிடுகிறது. புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்கும் அறையில்கூட, மூன்றாவது ஆளாக நாம் உட்கார்ந்திருப்பது தெரிந்ததுபோலப் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுடைய சமூக நிலையைப் பற்றி நாவல் பக்கம் பக்கமாகச் சொல்வதைவிட இந்த ஒரு விஷயம் அதிகம் சொல்கிறது. வெங்கட்ராம் இதைப் பிரக்ஞையோடு செய்தார் என்று நான் வாதிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஏறிய பழக்கம் அது. எழுத்தாளன் மேஜைமுன் உட்கார்ந்ததும் அது மட்டும் எழுந்து போய்விடுமா?

இழப்பு இல்லையென்றும் சொல்லமாட்டேன். மொழியாக்கத்தில் எல்லாமே வந்துவிடும், ஒன்றைத் தவிர: நாம் இல்லாதபோது அவர்கள் நம்மைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது. ஒரு சிறுபான்மைக் குடும்பத்தின் கூடத்தில் பெரும்பான்மையைப் பற்றி ஒரு சொல், ஒரு கேலி, ஒரு பயம், ஓர் எச்சரிக்கை கட்டாயம் இருக்கும். நண்பன் வீட்டில் நான் கேட்க முடியாமல்போனது அதுதான். வேள்வித் தீயிலும் எனக்கு அது போதுமான அளவு கேட்கவில்லை. நாவலின் தமிழ் மரியாதை தெரிந்த தமிழ். அந்த மரியாதையின் விலை அந்த ஒரு மௌனம்.

காதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்டு அவதிப்படும் ஒருவனின் கதை. வெங்கட்ராமின் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. நான் இதுவரை சொன்னதைக் கேட்டவர்களுக்கு, இரட்டை மொழியில் வாழ்பவனின் உருவகமாக அதை வாசிக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. அதை விட்டுவிடுவதுதான் யோக்கியம். சிறுபான்மை எழுத்தாளன் தன் தலைவலியைப் பற்றி எழுதினால்கூட அதைத் தன் இனத்தின் தலைவலியாக வாசிப்பது இன்னொரு விதமான சிறை. பெரும்பான்மைக்காரன் கடவுளைப் பற்றியும் பைத்தியத்தைப் பற்றியும் எழுதலாம். சிறுபான்மைக்காரன் சிறுபான்மையைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்பது என்ன நியாயம்? காதுகள் ஒரு மனிதன் தன் தெய்வத்தோடும் தன் நரகத்தோடும் நடத்திய யுத்தம். அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

5

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று நாவல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் 1976ல் வந்தது. அதிலும் வேறு மொழி பேசும் கூட்டம். அதிலும் ஓடிவந்த கதை. ஆனால் அங்கே வந்த கதை உரக்கச் சொல்லப்படுகிறது. பாட்டி சொல்கிறாள், ஊர் கேட்கிறது. நெசவாளியின் நாவலில் ஏன் அந்தக் குரல் எழவில்லை? காரணத்தை எழுத்தாளர்களின் திறமையில் தேட வேண்டியதில்லை. கோபல்லத்து மக்கள் காட்டை அழித்து நிலமாக்கி அதன்மேல் உட்கார்ந்தவர்கள். வந்தேறியின் கதையைக் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டுமானால் காலுக்குக் கீழே சொந்த நிலம் வேண்டும். தறிக்கு நிலம் வேண்டாம். ஒரு குழி போதும், அந்தக் குழியும் பெரும்பாலும் வாடகை வீட்டில். பாவு கொடுக்கும் முதலாளியையும் கூலியையும் நம்பி வாழ்கிறவன் வந்த வழியைத் தெருவில் நின்று சொல்வதில்லை. சௌராஷ்டிரருக்கும் அந்தக் கதை உண்டு. திருமணச் சடங்கில் தங்கள் வந்த வழியைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அது உறவுக்குள், அவர்கள் மொழியில், மற்றவர்கள் சாப்பாட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்து முடிந்துவிடும்.

இரண்டாவது, தி. ஜானகிராமனின் மோகமுள். அதைக் காமத்தின் நாவலாகவும் சங்கீதத்தின் நாவலாகவும் வாசித்தாயிற்று. யமுனாவுக்கு ஏன் வரன் அமையவில்லை என்ற கேள்வியை நாம் கதைக்குத் தேவையான ஓர் ஏற்பாடாக எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டோம். அவள் தாய் தஞ்சாவூர் மராட்டியப் பெண். தந்தை தமிழ்ப் பிராமணர். அவள் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ராஜ்யம் போனபின் மராட்டியர் நிலை என்ன என்று நான் மேலே கேட்டதற்கு விடை அந்த வீடு. வந்து பார்க்கிறவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். பாபுவின் பத்து வருஷத்துத் தவிப்பு அந்தப் படிக்கட்டில்லாத இடத்திலிருந்து பிறக்கிறது. ஜாதியாகச் செரிக்க முடியாத ஒருத்தியை நம் சமூகம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தமிழில் இல்லை. ஜானகிராமன் அதைக் குற்றச்சாட்டாக வைக்கவில்லை என்பதால் நாம் கேட்காமல் இருந்துவிட்டோம்.

மூன்றாவது, அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு. 1977. இங்கே சிறுபான்மை நாம். நிஜாம் ராஜ்யத்தில், செகந்திராபாத்தில், ரயில்வே உத்தியோகஸ்தரின் மகனான ஒரு தமிழ்ப் பையன். உருதுவும் தெலுங்கும் பேசும் ஊரில், ரஜாக்கர்களின் காலத்தில், கிரிக்கெட் மட்டையோடும் சைக்கிளோடும் பயத்தோடும் திரிகிறான். இந்த நாவலில் சிறுபான்மையின் பயம் ஒவ்வொரு தமிழ் வாசகனுக்கும் உடனே புரிந்தது. ஆனால் நாவல் அதோடு நிற்கவில்லை. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. ஒரே வாரத்தில் பயந்தவன் பயமுறுத்தும் பக்கத்தைச் சேர்ந்தவன் ஆகிவிடுகிறான். அவன் எதுவும் செய்யவில்லை. எண்கள் இடம் மாறின, அவ்வளவுதான். கடைசியில் தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு முஸ்லிம் பெண் அவன் முன்னால் உடையைக் களைந்து நிற்கும்போது அவன் அவமானம் தாங்காமல் ஓடுகிறான். அந்த ஓட்டம்தான் இந்த விஷயத்தில் தமிழ் எழுத்து தொட்ட உச்சம். தான் பெரும்பான்மை என்பதை ஒருவன் முதல்முதலாக அறிந்துகொள்ளும் கணம் அது.

6

இவ்வளவும் சொன்னபிறகு ஓர் எதிர்வாதம் எழும். தமிழ்நாட்டில் சௌராஷ்டிரனை யார் அடித்தார்கள்? யார் கடையைக் கொளுத்தினார்கள்? இலங்கையில் 1948ல் மலையகத் தமிழனின் குடியுரிமையைப் பறித்தார்கள்; 1956ல் சிங்களம் மட்டும் என்றார்கள்; 1981ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள்; 1983ல் மனிதர்களை எரித்தார்கள். அதன் பக்கத்தில் வைத்துப் பேசுகிற விஷயமா இது?

இல்லைதான். பக்கத்தில் வைத்துப் பேசவில்லை. நெருப்பும் மௌனமும் ஒன்றல்ல. ஆனால் அந்த நெருப்பைப் பார்த்து நாம் கற்றது என்ன என்று கேட்கலாம். சிறுபான்மைத் தமிழனின் வலியைப் பற்றி இங்கே கவிதை எழுதாத சிறுபத்திரிகை இல்லை. அதே வடக்கில், 1990 அக்டோபரில், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு. அதைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒடுக்கப்பட்ட அனுபவம் தன்னாலேயே ஒருவனுக்கு ஞானத்தைத் தந்துவிடும் என்பது நம் மூடநம்பிக்கைகளில் ஒன்று. நாம் சிறுபான்மையாக இருக்கும் இடத்தை நமக்குக் காட்ட ஆயிரம் பேர் உண்டு. நாம் பெரும்பான்மையாக இருக்கும் இடத்தை நாமேதான் பார்த்தாக வேண்டும். செகந்திராபாத்தில் ஓடிய பையனை மெச்சுகிற வாசகன், கும்பகோணத்துக் கண்ணன் வீட்டுக் கூடத்தில் தான் எதுவாக உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டுக்கொள்ளாவிட்டால், அந்த மெச்சுதலுக்கு மதிப்பில்லை.

விமர்சனத்திடம் நான் கேட்பது பெரிய கோட்பாடு எதுவும் இல்லை. ஒரு நாவலில் பேசப்படும் தமிழ் எந்த மொழியின் இடத்தில் நிற்கிறது என்று பார்க்கட்டும். யாருக்கு வரன் அமையவில்லை, ஏன் என்று பார்க்கட்டும். வேள்வித் தீயை எடுத்து, நாம் அந்த அறையில் இல்லாவிட்டால் இந்த வாக்கியம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஒருமுறை வாசிக்கட்டும். அந்த மொழி தெரியாதவனால் முழுசாக யோசிக்க முடியாது. முடியாது என்று தெரிவதே வாசிப்பின் ஒரு பகுதி.

போன வருஷம் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். தறி இருந்த குழியைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள், மேலே சோபா. அப்பா அம்மா போய்விட்டார்கள். மகன் பெங்களூரில் வேலை, மகள் கல்லூரியில். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பழக்கதோஷத்தால் ஒரு கணம் நின்று உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். அப்பாவும் மகளும் எதைப் பற்றியோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் புரிந்தது. உள்ளே போனேன். பேச்சு மாறவில்லை. மாறுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை, எங்கள் வீட்டில் அன்று இருந்ததைப் போலவே.